மிஸிக்குச் சொன்ன பொய்களும் மிஸி சொன்ன பொய்களும்

தாதித் தொழிலில் முதலில் பழகுவது ஊசி போடுவதல்ல, மூன்று கேள்வி கேட்பது: எத்தனை நாளாக வருத்தம், கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், இங்கே வர முன்னம் வேறெங்கே மருந்து எடுத்தீர்கள். வருகிற மூன்று பதிலில் குறைந்தது இரண்டு பொய்யாக இருக்கும். வாசிக்கிற நீங்களும் ஒரு தாதியிடம் இந்தப் பொய்களைச் சொல்லித்தான் இருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். நானும் வயிற்றெரிவுக்கு மருந்தெடுக்கப் போனால் ஊறுகாயைப் பற்றி மூச்சே விடுவதில்லை.

தொண்ணூறுகளில் வன்னியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை செய்தேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து பாயும் ஒரு குடியேற்றத் திட்டத்தின் ஓரத்தில் அது இருந்தது. பலகையில் ஆஸ்பத்திரி என்று எழுதியிருந்தாலும் கட்டடம் பள்ளிக்கூடம்தான். பெண் நோயாளிகள் கிடக்கிற வாட்டின் சுவரில் ஒன்பதாம் வாய்ப்பாடு அழியாமல் கிடந்தது. எங்கள் பக்கத்தில் தாதியை ‘மிஸி’ என்றுதான் கூப்பிடுவார்கள். என் சொந்தப் பெயரை அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

எங்களுக்கு இருந்தது ஒரேயொரு டொக்டர். மெலிந்த மனிதர், முப்பது வயது இருக்கும். மூளை, நரம்பு பற்றி மேற்படிப்புப் படிக்க ஆசைப்பட்டவரைச் சண்டை வன்னிக்குள் மறித்து வைத்திருந்தது. முழங்காலில் தட்டிப் பார்க்கிற ஒரு சின்னச் சுத்தியலும், பற்றரியை வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பாவிக்கிற ஒரு டோர்ச்சும்தான் அவருடைய கருவிகள். நோயாளிகளின் பொய்களைப் பற்றி நான் சலித்துக்கொண்ட ஒரு நாள் அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: “மிஸி, உண்மை சொல்ல மூளைக்கு ஒரு வேலைதான். பொய்க்கு மூண்டு வேலை. உண்மையை அமத்திப் பிடிக்கோணும், புதுசா ஒண்டைக் கட்டோணும், கேக்கிறவரின்ரை முகத்தையும் பாத்துக்கொண்டிருக்கோணும். இந்தச் சனம் காய்ச்சலோடை இவ்வளவு வேலை செய்யுதெண்டா நீங்கள் பாராட்டவெல்லோ வேணும்?” அன்றிலிருந்துதான் நான் பொய்களைக் கோபமில்லாமல் கவனிக்கத் தொடங்கினேன்.

தம்பியின் கை

கந்தையா அண்ணை யாழ்ப்பாணப் பக்கமிருந்து காணி கிடைத்து வந்து குடியேறி வயல் செய்த கமக்காரர். அறுபது வயதில் பாரிசவாதம் வந்து இடது பக்கத்தை அப்படியே விழுத்திவிட்டது. அடுத்த நாள் காலை டொக்டர் அவரிடம், “அண்ணை, இடக்கையை ஒருக்காத் தூக்குங்கோ பாப்பம்” என்றார். கை போட்ட இடத்திலேயே கிடந்தது. “தூக்கிப்போட்டன்” என்றார் கந்தையா அண்ணை. “இல்லையே அண்ணை.” “தூக்கித்தானே வைச்சிருக்கிறன், உங்களுக்குத் தெரியேல்லையோ?” நான் அந்தக் கையைப் பிடித்து அவர் கண்ணுக்கு முன்னால் கொண்டுபோய், இது யாருடைய கை என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல், “தம்பியின்ரை” என்றார். தம்பி யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். அண்ணனும் தம்பியும் முகம் பார்த்து நாலு வருசம். அவருடைய கை ஏன் உங்கள் கட்டிலில் கிடக்கிறது என்று கேட்டதற்கு, “அவன் சின்னனிலை இருந்தே இப்பிடித்தான். எங்கை இடம் கண்டாலும் படுத்திடுவான்” என்றார்.

கால்மாட்டில் நின்ற மனைவி தங்கமணி அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, கடைசியில் கோபம் வந்தது. “பாத்தியளே, சாகக் கிடக்கேக்கையும் பொய்!” என்றா. டொக்டர் அவவைக் கதிரையில் இருத்தி விளங்கப்படுத்தினார். பொய் சொல்வதென்றால் உண்மை முதலில் தெரிந்திருக்க வேண்டும். இவருக்கு வலப்பக்க மூளையில் அடி. கை விழுந்துவிட்டது என்ற செய்தியே அங்கே போய்ச் சேரவில்லை. செய்தி வராத இடத்தில் மிச்ச மூளை சும்மா இருக்காமல் தானே ஒரு காரணத்தைக் கட்டிவிடுகிறது. சொல்கிறவருக்கு அது முழு உண்மை. தங்கமணி அக்கா மூக்கைச் சிந்தித் துடைத்தா. கணவரின் அந்தச் செத்த கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னா: “முப்பது வருசமா இவர் சொன்ன எல்லாப் பொய்யையும் நான் பிடிச்சனான், டொக்டர், இது ஒண்டுதான் எனக்குப் பிடிக்கேலாமக் கிடக்கு.”

பிறேக் போன தரகர்

வேலாயுதம் கலியாணத் தரகர். இடம்பெயர்ந்து வந்த சனம் பாதி, குடியேறிய சனம் பாதி என்று இருந்த அந்த ஊரில் ஒருவருடைய பூர்வீகம் மற்றவருக்குத் தெரியாது. தரகர் சொன்னதுதான் சாதகம், சொன்னதுதான் படிப்பு. உழவு மெசின் இழுக்கிற பெட்டியின் கதவு கழன்று அவர் நெற்றியில் அடித்து, மூன்று கிழமை எங்களிடம் கிடந்தார். காயம் ஆறியது. பெயர், நாள், கணக்கு எல்லாம் சரியாகச் சொன்னார். சந்தோசமாக வீட்டுக்கு அனுப்பினோம்.

இரண்டு கிழமை கழித்து அவருடைய மனைவி அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தா. மனுசனுக்கு வாயில் ஒன்றும் நிற்பதில்லையாம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் முன்னால் இருந்துகொண்டு, “பிள்ளை தங்கமான பிள்ளை. கோவம் வந்தா மட்டும் கோப்பை எறிவாள். போன மாசம் ரெண்டு கோப்பை” என்று சொல்லியிருக்கிறார். பெண் வீட்டுக்குப் போய், “பெடியன் பத்தாம் வகுப்பெண்டு சொன்னது நான்தான், அவன் எட்டு” என்றிருக்கிறார். அவ கேட்டது ஒரு மருந்து, அவர் பழையபடி பொய் சொல்லுகிற மருந்து. டொக்டர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். “இதுக்குப் பின்னாலைதான் பிறேக் இருக்கு. உண்மைதான் முதல்லை வாய்க்கு ஓடி வரும். அதை மறிச்சாத்தான் பொய் சொல்லலாம். இவருக்குப் பிறேக் தேஞ்சு போச்சு. மருந்தில்லை, கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வந்தா உண்டு.”

திரும்பி வரவில்லை. ஆனால் நடந்தது வேறு. ஊரிலேயே பொய் சொல்லத் தெரியாத தரகர் இவர் ஒருவர்தான் என்று பேர் பரவி, அயல் ஊர்களிலிருந்தும் சைக்கிளில் ஆட்கள் தேடி வந்தார்கள். காலில் முள் ஏறி மருந்து கட்ட வந்த ஒரு நாள் வேலாயுதம் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். நான் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார்: “மிஸி, உங்களுக்கு வயது முப்பத்தாறு, மூக்கும் கொஞ்சம் பெரிசு, என்னட்டை ஒரு நல்ல மாப்பிள்ளை இருக்கிறார், அவருக்கு மூக்கு உங்களிலும் பெரிசு.”

கடுமையான மருந்து

நோவுக்கான ஊசி மருந்து முடிந்து, அடுத்த வழங்கல் வவுனியா தாண்டி எப்போது வரும் என்று தெரியாத ஒரு மாதம். பென்சன் எடுத்த பள்ளிக்கூட அதிபர் ஒருவர் இடுப்பு நோவால் இரண்டு நாளாகப் படுக்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் அல்லாடினார். வேறு வழியில்லாமல், மருந்துத் தூள் கரைக்கிற வெறும் ஊசித் தண்ணீரைச் சிறிஞ்சில் எடுத்து, “புது மருந்து ஐயா, இப்பத்தான் வந்தது” என்று போட்டுவிட்டேன். பத்து நிமிசத்தில் நெற்றி வியர்வை காய்ந்தது. கால் மணித்தியாலத்தில் நித்திரை. டொக்டரிடம் குற்றவாளியைப் போலப் போய்ச் சொன்னேன். அவருக்குக் கண் மின்னியது. “மூளைக்குள்ளையே ஒரு மருந்துக்கடை இருக்கு, மிஸி. சாவி வெளியிலை இருக்கிறவையின்ரை கையிலை. நீங்கள் உங்கடை குரலாலை திறந்திட்டியள்” என்றார். அப்போ நான் சொன்னது பொய்யா இல்லையா என்று கேட்டேன். அவர் டோர்ச்சின் பற்றரியைக் கழற்றி வெயிலில் வைக்கப் போனார்.

மூன்றாம் நாளும் அதே தண்ணீரோடு போனேன். அதிபர் ஐயா கையை நீட்டாமல் இழுத்துக்கொண்டார். அவர் வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளின் கள்ளச் சாட்டுகளைப் பிடித்தவர். இன்றைக்கு அகப்பட்டேன் என்று நினைத்தேன். அவர் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: “மிஸி, இது வலு கடுமையான மருந்து, தலையெல்லாம் சுத்துது, இண்டைக்கு அரைவாசி போடுங்கோ.”

பூனையின் குளிசை

வதனிக்கு ஐந்து வயது. தாய் புஸ்பம் கிளிநொச்சிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து, கிடுகால் மறைத்த ஒரு கொட்டிலில் இருந்தா. மலேரியா மூளைக்கு ஏறி, பிள்ளை மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தது. நாலாம் நாள் கண் திறந்தது. ஆனால் பழைய பிள்ளையாக இல்லை. ‘இரு’ என்றால் இருக்கும், ‘வாயைத் திற’ என்றால் திறக்கும், தானாக ஒன்றும் கேட்காது. கேட்டால் கேட்டதற்கு மட்டும் ஒரு சொல். அதற்கு முன்னர் வாய் ஓயாத பிள்ளையாம். புஸ்பம் ஒவ்வொரு காலையும் என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்பா: “மூளை செத்துப்போச்சோ மிஸி? உள்ளதைச் சொல்லுங்கோ.” உள்ளது எனக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. பொறுத்துப் பார்ப்போம் என்றுதான் ஒவ்வொரு நாளும் சொன்னேன்.

பத்தாம் நாள். குயினைன் குளிசை எவ்வளவு கசப்பு என்று விழுங்கியவர்களுக்குத் தெரியும். கொடுத்துவிட்டு, “விழுங்கியாச்சோ?” என்று கேட்டேன். வதனி என் முகத்தை நேராகப் பார்த்து, “ஓம்” என்றாள். தலையணையைத் தட்டிப் போடும்போது அடியில் குளிசை கிடந்தது. “அப்ப இதென்ன?” என்றேன். பிள்ளையின் கண் ஒருதரம் குளிசையைப் பார்த்தது, ஒருதரம் என்னைப் பார்த்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அது பூனையின்ரை. பூனைக்கும் காய்ச்சல்.” எங்கள் வாட்டில் பூனையே கிடையாது.

நான் ஏசுவதற்கு வாயெடுக்க, அடுத்த கட்டிலில் நின்ற டொக்டர் சுத்தியலோடு ஓடி வந்தார். “மிஸி, ஏசாதேங்கோ! இவளுக்குத் தன்ரை மனசிலை இருக்கிறது வேறை, உங்கடை மனசிலை இருக்கிறது வேறை எண்டு விளங்குது. உங்களுக்கு எது தெரியும், எது தெரியாது எண்டு கணக்குப் போட்டு, இல்லாத பூனையைக் கொண்டுவந்து நிப்பாட்டிப்போட்டாள். செத்த மூளை இந்த வேலை செய்யாது!” என்றார். புஸ்பம் கட்டிலடியில் முழந்தாளிட்டு, பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அழுதழுது கெஞ்சினா: “இன்னொருக்காச் சொல்லு என்ரை குஞ்சு, அந்தப் பொய்யை இன்னொருக்காச் சொல்லு!”

மெயில் வந்த நேரம்

றெயில்வேயில் பச்சைக்கொடி காட்டுகிற கார்ட்டாக வேலை செய்தவர் ஒருவர் எங்கள் ஆண்கள் வாட்டில் நாலு மாதம் இருந்தார். எல்லோருக்கும் அவர் ‘கார்ட் ஐயா’. தொண்ணூறில் வவுனியாவுக்கு வடக்கே றெயில் நின்றுபோனது. அதன் பிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை கசிப்பு. சோறு தண்ணியில்லாமல் வருசக் கணக்காகக் குடித்ததில் ஒரு விற்றமின் முற்றாக வற்றி, புது ஞாபகம் சேமிக்கிற இடம் பழுதாகிவிட்டது என்றார் டொக்டர். ஐந்து நிமிசத்துக்கு முன்னர் நடந்தது அவரிடம் இருக்காது. ஆனால் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லவும் மாட்டார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றால், றெயிலில் ஒரு ஸ்ரேசன் மாஸ்ரர் வீட்டு இடியப்பம் வந்தது என்று சம்பலின் உறைப்பு வரைக்கும் சொல்லுவார். கந்தையா அண்ணையின் மூளை கைக்குச் செய்ததை இவருடைய மூளை ஒவ்வொரு நாளுக்கும் செய்தது. ஓட்டை விழுந்த இடமெல்லாம் கதையால் ஒட்டுப் போட்டது.

ஒரு நாள் காலை எனக்கு வேலை கூட. நின்று கேட்கப் பொறுமையில்லாமல், “கார்ட் ஐயா, றெயில் நிண்டு கன வருசம். தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பதுங்கிற பங்கருக்குக் கூரையாப் போச்சுது” என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் அப்படியே விழுந்துபோனது. கொஞ்ச நேரத்தில் நான் சொன்னதை மறந்துவிட்டார். ஆனால் அன்று மத்தியானம் வரைக்கும் ஒருவரோடும் கதைக்கவில்லை; ஏன் கவலையாக இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. டொக்டர் என்னை ஏசவில்லை. “ஞாபகம் வைக்கிற இடம் வேறை, நோகிற இடம் வேறை, மிஸி. ஒண்டு பழுது, மற்றது நல்லாயிருக்கு” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு காலையை நினைக்க எனக்கு இன்றைக்கும் கூச்சம். அதற்குப் பிறகு நான் அவரைத் திருத்தியதில்லை. வாட்டில் மற்ற நோயாளிகளும் கேட்கப் பழகிவிட்டார்கள். ‘இண்டைக்கு மெயில் எப்பிடி?’ என்று ஒருவர் கேட்டால் போதும், காலில்லாதவரும் கண் கட்டியவரும் கட்டிலில் எழும்பி இருந்து கேட்பார்கள். கார்ட் ஐயா யாழ்ப்பாண மெயில் றெயிலைக் கொழும்பிலிருந்து ஒவ்வொரு ஸ்ரேசனாகக் கொண்டுவந்து கிளிநொச்சியில் விடுவார். கடைசியில் எப்போதும் இப்படித்தான் முடிப்பார்: “வவுனியாவிலை கொஞ்சம் தாமதம், சிக்னல் கிடைக்கேல்லை, மற்றப்படி ஒரு குறையுமில்லை, எல்லாரும் இறங்கலாம்.”

முகத்தில் விழாத கை

செல்லமுத்து மலையகத்துத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து ஓடிவந்த குடும்பத்துப் பிள்ளை. எங்கள் பக்கத்து வயல்களில் கூலி வேலை. அவருடைய மனைவிக்குப் பிள்ளைப்பேறு சிக்கலாகி, வெள்ளைக்கொடி கட்டிய வாகனத்தில், ஆமிப் பக்கத்திலிருந்த வவுனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தோம். அங்கே ஆண் பிள்ளை பிறந்தது. தாய்க்குச் சுகமில்லை, திரும்பி வர வழியில்லை. இரண்டு மாதம். வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் கேட்டுச் செல்லமுத்து எழுதிக் கொடுத்த விண்ணப்பம் மூன்று தரம் திரும்பி வந்தது. நோயாளி என்றால் டொக்டரின் கடிதத்தோடு போகலாம். செல்லமுத்துவுக்கு வலிப்பு வந்தது அப்போதுதான். சரியாகக் காலை எட்டு மணிக்கு, சரியாக எங்கள் வாசலில்.

வாசலில் இருந்த நீட்டு மரவாங்கில் கிடத்தினோம். கால் கை உதறல், வாயில் நுரை எல்லாம் இருந்தது. கண் மட்டும் இறுக்கி மூடியிருந்தது. டொக்டர் குனிந்து அவருடைய கையைத் தூக்கி, நேரே முகத்துக்கு மேலே பிடித்து, விட்டார். நினைவில்லாதவரின் கை நேரே முகத்தில்தான் விழும். இவருடைய கை விழவில்லை. மூக்குக்குக் கிட்ட வந்து, பக்கவாட்டில் நழுவி வாங்கில் விழுந்தது. மறுபடியும் தூக்கி விட்டார். மறுபடியும் மூக்கைச் சுற்றிக்கொண்டு போனது. நுரையில் குளிக்கிற சவர்க்கார வாசம். டொக்டர் என்னைப் பார்த்தார். “வாய் பழகீட்டுது, கை பழகேல்லை” என்று மெல்லச் சொன்னார். உதறல் நின்றது. செல்லமுத்து கண்ணை மூடியபடியே அழத் தொடங்கினார். “பிள்ளைய பாக்கணுங்க” என்றார்.

டொக்டர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. இல்லாத வலிப்பை எழுதி அது பிடிபட்டால், அடுத்து நாங்கள் எழுதுகிற எந்தக் கடிதத்தையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். உண்மையான நோயாளி ஒருவர் பாதைச் சோதனையில் மறிபட்டு நின்று செத்துப்போகலாம். எழுதாவிட்டால் இந்த மனிதன் காட்டுக்குள்ளால் போகப் பார்ப்பான், மிதிவெடி இருக்கிறது. மூன்று கடதாசி கிழித்தார். நாலாவதை என்னிடம் வாசிக்கத் தந்தார். வழமையாகக் கோழி கிளறியது போலிருக்கும் அவருடைய எழுத்து அன்று அச்சுப் போல இருந்தது. ‘இவருக்கு அடிக்கடி நடுக்கம் ஏற்படுகிறது. காரணத்தை இங்கே குணப்படுத்த வசதியில்லை. வவுனியாவில் குணமாகும் என்று நம்புகிறேன்.’ “ஒரு பொய் இருந்தாக் காட்டுங்கோ பாப்பம்” என்றார். என்னால் காட்ட முடியவில்லை. ஆனால் அவருடைய இரண்டு காதும் செம்பரத்தம்பூவாகச் சிவந்திருந்தன. கடிதம் வேலை செய்தது. போகிற அன்று செல்லமுத்து வெள்ளைச் சாரம் கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வந்து, என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்: “மிஸி, அங்க போயும் ஆடிக் காட்டணுங்களா, இல்ல பாதைய தாண்டினதும் கொணமாயிறலாங்களா?”

ஒன்பது நாள்

இதை எழுதுவதா விடுவதா என்று கன நாள் யோசித்தேன். பரமேஸ்வரி அக்காவும் பதினேழு வயது மகளும் வயலில் நாற்று நட்டுக்கொண்டு நின்றபோது ஷெல் விழுந்தது. தாய்க்குத் தொடையில் பெரிய காயம், இரத்தம் நிறையப் போய்விட்டது. மகள் ஆஸ்பத்திரிக்கு வரமுன்னரே முடிந்துவிட்டாள். காயத்தைத் தைத்துக் கட்டிய பிறகு கண் திறந்த பரமேஸ்வரி அக்கா சொன்ன முதல் சொல் மகளின் பெயர். டொக்டர் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்: இப்போது தெரிந்தால் இவ தாங்கமாட்டா, கொஞ்சம் தேறட்டும். நான் சொன்னேன், “கையிலை சின்னக் காயம் அக்கா. வவுனியாவுக்கு அனுப்பியிருக்கு.” சொல்லும்போது என் காதுக்குள் இரத்தம் அடித்தது எனக்கே கேட்டது. சமையல் குசினிப் பக்கம் போய் நின்று இரண்டு கோப்பை தண்ணீர் குடித்தேன்.

அடுத்த நாளும் கேட்டா. வாகனத்தில் போய் வந்தவர்கள் சொன்னார்கள் என்று சொன்னேன். நேற்று சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டாளாம், இன்னும் கொஞ்சம் கேட்டாளாம் என்றேன். அன்று நெஞ்சு முதல் நாள் போல அடிக்கவில்லை. நாலாம் நாள் பக்கத்துக் கட்டில் பிள்ளையோடு அவள் சிநேகிதமாகிவிட்டாள். ஆறாம் நாள் அவளுக்குப் பச்சைச் சட்டை ஒன்று யாரோ கொடுத்தார்கள். காலையில் வேலைக்கு வரும்போதே இன்றைக்கு என்ன சொல்லலாம் என்று சைக்கிளில் யோசித்துக்கொண்டு வந்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோசம்கூட இருந்தது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. டொக்டரிடம் சொன்னேன். “மூளைக்கு அடியிலை ஒரு மணி இருக்கு. முதல் பொய்க்குப் பலமா அடிக்கும். திரும்பத் திரும்ப அடிச்சு அது களைச்சுப் போகும்” என்றார். எல்லாப் பொய்க்கும் களைக்குமா, நல்லதுக்குச் சொல்கிற பொய்க்கு மட்டுமா என்று கேட்டேன். “மணிக்கு அந்த வித்தியாசம் தெரியுமோ எண்டு எனக்குத் தெரியாது மிஸி” என்றார்.

ஒன்பதாம் நாள், காயம் நல்லாயிருக்கிறது, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றார் டொக்டர். சொல்ல வந்தவரை மறித்து, நானே சொல்கிறேன் என்றேன். கட்டிலில் இருந்தேன். அவவின் கையைப் பிடித்தேன். முதல் நாள் பொய்க்கு அடித்த அதே மணி, அன்று உண்மைக்கு அடித்தது. நாக்கு எழும்பவில்லை. பரமேஸ்வரி அக்காதான் மற்றக் கையால் என் முதுகைத் தடவினா. அவவின் கண் காய்ந்திருந்தது. “என்ரை பிள்ளை மீன் தொடமாட்டாள், மிஸி, ரெண்டாம் நாளே எனக்கு விளங்கீட்டுது, எண்டாலும் நீங்கள் சொல்லச் சொல்ல அவள் அங்கை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அதை நான் ஏன் நிப்பாட்டோணும்?”

*

இத்தனை வருசம் மற்றவர்களின் மூளைக்குள் பொய் எங்கே இருக்கிறது என்று தேடித் திரிந்த என்னிடம், வழியில் கண்டு யாரும் “சுகமா இருக்கிறியளோ மிஸி?” என்று கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் “ஓம், நல்ல சுகம்” என்றுதான் இன்றைக்கும் வாயில் வருகிறது, அந்த மணி ஒருதரமும் அடிப்பதில்லை.